டீ தோட்டத்து உரம் மீன் தொட்டிக்கு வேணாமுங்க

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீடுகள்ல மீன் தொட்டி வச்சு, உள்ள செடி போட்டு குடுத்து, மாசாமாசம் போய் சர்வீஸ் பண்றதுதான் நம்ம தொழில். கீழ கோயம்புத்தூர்ல இதே வேலை பாக்குற பசங்களுக்கு வர்ற கம்ப்ளைன்ட் எல்லாம் வெயிலும் உப்புத் தண்ணியும்தான். இங்க கதையே வேற, வீட்டுக்கு வீடு உர மூட்டை. எஸ்டேட்டோ, கேரட் தோட்டமோ, இல்ல வாசல்ல நாலு ரோஜா தொட்டியோ, எப்படியும் யூரியா, பொட்டாஷ், ஜிங்க் சல்பேட், 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சமமா இருக்கிற உரம்) ஏதாவது ஒன்னு ஷெட்ல கிடக்கும். தொட்டில வாலிஸ்நேரியா செடி லேசா மஞ்சளாச்சுன்னா கை தானா அந்த மூட்டைக்குத்தான் போகுது.

செடி அத சாப்பிட்டுக்கும், அதுல சந்தேகம் இல்ல. மாட்டிக்கிறது மீன்.

யூரியா கரைஞ்ச உடனே பெருசா ஒன்னும் தெரியாது. தொட்டில இருக்கிற பாக்டீரியா அத கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு அமோனியாவா மாத்தும், அங்கதான் வினை. 1 கிராம் யூரியா 100 லிட்டர் தண்ணில முழுசா உடைஞ்சா 5.5 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்கு) மேல அமோனியா வரும். வீடுகள்ல அதிகமா இருக்கிறது 2 அடி தொட்டி, அதுல தண்ணி 50 லிட்டர் சுமார்தான், அப்ப அதே 1 கிராமுக்கு 11 பிபிஎம். டீஸ்பூன்ல எடுத்தா 1 கிராமோட நிக்காது, 3, 4 கிராம் வந்துரும். நல்லா ஓடுற தொட்டில அமோனியா டெஸ்ட் பண்ணா பூஜ்யம் காட்டணும், அத ஞாபகம் வச்சுட்டு இந்த கணக்கப் பாருங்க.

கோத்தகிரி பக்கம் ஒரு ஐயா, எஸ்டேட்ல பீல்டு வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவரு, போன் பண்ணாரு. "தண்ணி மாத்துனதுல இருந்து எல்லாம் சாவுது தம்பி, தண்ணில என்னமோ இருக்கு"ன்னாரு. போய் பாத்தா மோலி மீன் எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, செவுள் செக்கச்செவேல்னு இருக்கு. தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் போட்டீங்களாய்யான்னு கேட்டா, "உரம் மட்டும்தான் தம்பி, போன வாரம், ஒரு சிட்டிகை. அப்ப ஒரு மீனுக்கும் ஒன்னும் ஆகலையே"ங்கறாரு. அவரு சொன்னது நிஜம்தான், போன வாரம் ஒன்னும் ஆகியிருக்காது. நம்ம மலைத் தண்ணி பெரும்பாலும் சாப்ட் வாட்டர், அதாவது கால்சியம் மாதிரி உப்பு கம்மியான தண்ணி, தொட்டில நாள்பட நாள்பட பிஎச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) 7க்கு கீழ, அமிலப் பக்கம் எறங்கிரும். அந்த பிஎச்ல அமோனியா 99 சதவீதத்துக்கு மேலயே அமோனியமாதான் இருக்கும், மீனுக்கு அவ்வளவா விஷம் இல்ல. பிஎச் ஒரு புள்ளி ஏறுனா விஷமான பங்கு சுமார் 10 மடங்கு ஏறும். அவங்க வீட்ல புதுசா கட்டுன சிமென்ட் சம்ப், சுண்ணாம்பு இறங்கி அந்த தண்ணியோட பிஎச் 8 தாண்டி நின்னுச்சு, அதத்தான் பக்கெட்ல மோந்து பாதி தொட்டிக்கு ஊத்தியிருக்காரு. சும்மா உள்ள கிடந்ததுல விஷமான பங்கு ஒரே மணி நேரத்துல பல மடங்கு ஏறிருச்சு. குளிர் வேற, அமோனியாவ தின்னுற பில்டர் பாக்டீரியா 15, 16 டிகிரில ரொம்ப மந்தமாதான் வேலை செய்யும், அதனாலதான் ஒரு வாரமாகியும் அது உள்ளயே தேங்கி நின்னுருக்கு.

அதனால தண்ணி மாத்தி மீன் செத்தா தண்ணிய மட்டும் திட்டாதீங்க, அதுக்கு முந்தின பத்து நாள்ல என்ன போட்டோம்னு யோசிங்க.

19:19:19 பாக்கெட்டும் அதே கதைதான், அதுல இருக்கிற நைட்ரஜன்ல பெரும்பங்கு யூரியாவும் அமோனியாவும்தான், நைட்ரேட் கொஞ்சம்தான். டிஏபி, அதாவது டை அமோனியம் பாஸ்பேட், பேர்லயே அமோனியம் இருக்கு. தொட்டிக்கு ஏத்தது நைட்ரேட்டா இருக்கிற நைட்ரஜன், அதுக்கு 13:0:45ன்னு கேட்டா உரக்கடையிலயே குடுப்பாங்க, பொட்டாசியம் நைட்ரேட். 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டா நைட்ரேட் 6 பிபிஎம், பொட்டாசியம் 4 பிபிஎம் கிட்ட ஏறும். பாஸ்பேட் வேணும்னா 0:52:34, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், ஆனா அது 100 லிட்டருக்கு 0.1 கிராமே 0.7 பிபிஎம் பாஸ்பேட் குடுத்துரும், கையால அள்ளிப் போடுற சாமான் இல்ல. நகைக்கடை மாதிரி சின்ன தராசு ஒன்னு வாங்கிக்கங்க, இல்லாட்டி அளந்து கரைச்சு பாட்டில்ல வச்சுட்டு மில்லி கணக்குல ஊத்துங்க. மீன் நிறைய இருக்கிற தொட்டிக்கு இது ரெண்டுமே பல நேரம் தேவையே இல்ல. 40 சதவீத புரோட்டீன் இருக்கிற தீனி 1 கிராம் போட்டா, அது அழுகியோ மீன் வழியாவோ கடைசில 100 லிட்டர்ல 2.8 பிபிஎம் நைட்ரேட் வரைக்கும் ஆகலாம். கோல்டு பிஷ்ஷுக்கு ரெண்டு வேளை அள்ளிப் போடுறவங்க தினமும் உரம்தான் போட்டுட்டு இருக்காங்க, அவங்க தொட்டில பாசி வர்றது அதனாலதான்.

சரி மஞ்சளானா என்ன பண்றது, முதல்ல எந்த இலைன்னு பாக்கணும். அடி இலை, பழைய இலை முழுசா மஞ்சளாகி உதிருதுன்னா நைட்ரஜன். பழைய இலைல ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழுந்து ஓரம் காயுதுன்னா பொட்டாசியம், இது நான் அதிகமா பாக்குறது. பழைய இலைல நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல வெளுத்தா மெக்னீசியம், 100 லிட்டருக்கு 1 கிராம் எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) 1 பிபிஎம் மெக்னீசியம் குடுக்கும். புது குருத்து வெளுத்து வந்தா இரும்பு, குருத்து முறுக்கி கோணலா வந்தா கால்சியமா இருக்கும், சாப்ட் வாட்டர்ல இது நடக்குறதுதான், ஒரு துணிப்பையில கிளிஞ்சல் கொஞ்சம் கட்டி பில்டர்ல போட்டா மெதுவா சரியாகும். இரும்புக்கு பெரஸ் சல்பேட் போட்டா துருவா படிஞ்சிரும், கீலேட் (இரும்பு படியாம கரைஞ்சே இருக்கிற மாதிரி பிடிச்சு வச்ச உரம்) வாங்குங்க. நம்ம பிஎச்சுக்கு ஈடிடிஏங்கற கீலேட்டே பெரும்பாலும் போதும், 7 கிட்ட போச்சுன்னா டிடிபிஏ.

இதெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடி ஹீட்டர் ஓடுதான்னு பாருங்க. டிசம்பர், ஜனவரில கரன்ட் பில்லுக்கு பயந்து ஹீட்டர ஆப் பண்ணிட்டா தண்ணி 15க்கு வந்துரும், செடி அப்படியே தூங்கிரும், உரம் போட்டா எடுத்துக்காது, எடுத்துக்காதது பாசிக்குத்தான் போகும். மழைல பத்து நாள் மூடுபனி மூடியிருந்தா ஜன்னல் வெளிச்சத்த நம்பி இருக்கிற தொட்டிக்கும் அதேதான். அப்ப டோஸ பாதியாக்குங்க, இல்ல நிறுத்தியே வையுங்க. அனுபியாஸ், ஜாவா பெர்ன் வாடுதுன்னு உரம் கேக்குறவங்க வீட்ல பாதி நேரம் அதோட கிழங்குத் தண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சு அழுகிட்டு இருக்கும், வெளிய எடுத்து கட்டைல நூலால கட்டுனா போதும்.

இன்னொன்னு, டீல பிளிஸ்டர் பிளைட்டுக்கு (இலைல கொப்புளம் வர்ற பூஞ்சை நோய்) அடிக்கிற காப்பர் மருந்து. ஸ்பிரே பண்ணிட்டு வந்த கைய தொட்டிக்குள்ள விடாதீங்க, அந்த மருந்து கலக்குன பக்கெட்ட எத்தனை கழுவுனாலும் தொட்டிக்கு யூஸ் பண்ணாதீங்க. காப்பர் கொஞ்சம் போதும், இறாலும் நத்தையும்தான் முதல்ல போகும். தோட்டத்துல இருந்து செம்மண் அள்ளிட்டு வந்து அடில போடணும்னு ஆசைப்படுறவங்களும் உரம், கோழி எரு, களைக்கொல்லி படாத இடமா பாத்து எடுங்க, எடுத்து சலிச்சு சில வாரம் தண்ணில ஊற வச்சு தண்ணிய மாத்தி மாத்தி, அமோனியா டெஸ்ட் பூஜ்யம் காட்டுனப்புறம் மேல மணல் போட்டு செடி நடுங்க. மாத்துன தொட்டித் தண்ணிய மட்டும் தாராளமா ரோஜாவுக்கு ஊத்துங்க, அந்தப் பக்கம் போறதுல எந்த தொந்தரவும் இல்ல.