ஹார்வர்டிடம்தான் கொட்டிக் கிடக்கிறதே என்பவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மானியக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. போன வாரமும் ஒருவர் கேட்டுவிட்டார்: “ஹார்வர்டிடம் 5,320 கோடி டாலர் இருக்கிறதாமே! அரசு மானியத்தை நிறுத்தினால் நிறுத்திவிட்டுப் போகட்டும், இதற்கு எதற்குக் கோர்ட், கேஸ்?” கேட்டவர் இங்கே பிஎச்டி படிக்கும் பெண்ணின் அப்பா. ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதிவிடுகிறேன்.

நடந்தது தெரிந்ததுதான். மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம், யாருக்கு என்ன கருத்து என்பதுவரை சோதனைக்கு (ஆடிட்) உட்படச் சொல்லி 2025 ஏப்ரல் 11 அன்று டிரம்ப் அரசு ஹார்வர்டுக்குக் கடிதம் அனுப்பியது. 14ஆம் தேதி ஹார்வர்டின் தலைவர் ஆலன் கார்பர் முடியாது என்றார். அன்றே 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டது.

சரி, அந்த 5,320 கோடிக்கு (2024 கணக்கு) வருவோம். அது உண்டியல் இல்லை ஐயா. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகள். ஐந்தில் நான்கு பங்கு, கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே. கோயிலில் விளக்குக்கு எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க முடியுமா? நாமே கொடுத்திருக்கிறோமே! ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகெங்கும் தமிழர்கள் சேர்த்த 60 லட்சம் டாலர், அதில் தமிழ்நாடு அரசு தந்த 10 கோடி ரூபாய் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். அதை எடுத்துப் புற்றுநோய் ஆய்வகத்துக்குச் சம்பளம் போட்டால் முதலில் கொடி பிடிப்பது யார்? நாம்தான்.

இன்னொன்று: மானியம் அரசு போடும் பிச்சை இல்லை. காசநோய் ஆய்வு செய்து கொடு என்று அரசு கேட்கிறது, பல்கலைக்கழகம் செய்கிறது. பெரும்பாலும் நாங்கள் முதலில் செலவழித்துவிட்டு, அப்புறம்தான் அரசிடம் வாங்குகிறோம். ஏப்ரலில் முதலில் போன ‘வேலையை நிறுத்து’ உத்தரவுகளில் ஒன்று ஹார்வர்டின் காசநோய் ஆய்வுக்குத்தான். அப்படி ஒரு மின்னஞ்சல் வந்த மறுநாளும் எலிகளுக்குத் தீனி போட்டாக வேண்டும், உறைபெட்டி ஓடியாக வேண்டும். அந்த பில்லை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டு ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து என் மேசை முன் நிற்பார்.

பணத்தை நிறுத்த அரசுக்கு உரிமையே இல்லையா? உண்டு. பாகுபாடு என்ற புகாரில் நிறுத்துவதானால், 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி விசாரணை நடத்தி, காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) அறிக்கை தந்து, 30 நாள் பொறுக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று நீதிபதி அலிசன் பரோஸ் முடக்கம் சட்டவிரோதம் என்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இதேபோல் மானியம் முடங்கிய கொலம்பியா பல்கலைக்கழகம் 20 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டதைக் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கும் அந்தச் சமரசம் பிடிக்கவில்லை. ஆனால் மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடும் ஆள் அவ்வளவு சுலபமாகத் திட்டமாட்டான்.

இனி பிள்ளைகளுக்கு. நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தபின் ஒரு பைப்பெட் டிப் பெட்டிகூட அந்தக் கணக்கில் ஆர்டர் போடாதீர்கள். யாரும் திருப்பித் தரமாட்டார்கள். 2025 மே 22இல் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஹார்வர்டுக்கு இருந்த அனுமதியை அரசு ரத்து செய்தது, மறுநாளே கோர்ட் தடுத்தது. அந்த ஒரு ராத்திரியில் பதறி மாற்றல் வாங்கியிருந்தால்? வாட்ஸப்பை மூடிவிட்டு உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் மின்னஞ்சலைப் படியுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் முதுமுனைவர்கள் (போஸ்ட்டாக்) தங்கள் மானியம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பேராசிரியரிடம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். வேலை போனால் இந்நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான்.

பெற்றோரே, அனுமதிக் கடிதத்தில் மதிப்பெண்ணையும் தரவரிசையையும் பார்த்தது போதும். உதவித்தொகையைத் தருவது துறையா, பேராசிரியரின் மானியமா? அது முடங்கினால் துறை எத்தனை மாதம் தாங்கும்? தயவுசெய்து இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.