இரண்டு விரற்கடை வாட்டம்

காரைக்குடியில் எங்கள் தெருவில் நடைபாதை போட்டு முடித்த அன்று அப்பத்தா அதில் ஒரு நடை போய் வந்தார். மறுநாள் பழையபடி ரோட்டோரம். கேட்டால், "வாசலுக்கு வாசல் இறங்கி ஏற முடியலப்பா" என்றார்.

கோளாறு அப்பத்தாவின் முழங்காலில் இல்லை. சாலை அமைப்புக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி நடைபாதையின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 1.8 மீட்டர் அகலத்துக்கு மரம், கம்பம் எதுவும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் போக அவ்வளவு தேவை. வீட்டு கேட் வந்தால் நடைபாதை அதே மட்டத்தில் ஓட, கார்தான் சரிவில் ஏறி இறங்க வேண்டும். நம்மூரில் காருக்காக நடைபாதையை வெட்டி இறக்கிவிடுகிறோம்.

இன்னொன்று, நம் ஊர்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் சாக்கடையின் மூடி. அதனால் திட்டம் கீழிருந்துதான் தொடங்கும். தெரு நெடுகிலும் மட்டம் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே சேரும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் குடிநீர்க் குழாய், கேபிள். கல் பதிப்பது கடைசி வேலை. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் குழாய் பதிக்கத் தோண்டிய தெருவில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடினால் இடையிடையே காற்று நிற்கும். முதல் மழையில் மண் அமுங்கும், மேலே பள்ளம் விழும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் திமுசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மேலே ஜல்லிப் படுகை, அதற்கு மேல் மூன்று நான்கு செ.மீ. மணல், பிறகு பேவர் பிளாக். பிளாக்குகளை சிமென்ட் பிடித்திருப்பதில்லை. இடுக்கில் கூட்டித் தள்ளும் பொடிமணலின் உராய்வும், ஓரத்தில் நெருக்கி நிற்கும் கெர்ப் கல்லும்தான் பிடிக்கின்றன. ஓரக்கல் ஒன்று சாய்ந்தால் மணல் கசிந்து வரிசையே ஆட்டம் காணும். (ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நனைந்தால் அது வழுக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.)

மிச்சம் இருப்பது வாட்டம். பார்வைக்கு மட்டமாகத் தெரிகிற நடைபாதை ரோட்டுப் பக்கம் நூற்றுக்கு இரண்டு பங்கு சரிய வேண்டும். 1.8 மீட்டருக்கு 3.6 செ.மீ., அதாவது இரண்டு விரற்கடை. குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கூடினால் சக்கர நாற்காலி ரோட்டுப் பக்கமே இழுக்கும்.

செட்டிநாட்டுக்கு இது புதிதில்லை. கானாடுகாத்தானில் கூரைத் தண்ணீர் வீட்டு நடுவில் இருக்கும் வளவு முற்றத்தில் விழுந்து, வாட்டத்தோடு வெளியேறி, தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். நடக்கிறவர் ஒதுங்கத் திண்ணை இருந்தது.

எங்கள் தெருவில் வேலை முடிந்ததும் ஒரு வயதான கொத்தனார் ரசமட்டத்தை மடித்துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றினார். கொஞ்சம் தயங்கிய தண்ணீர், ரோட்டுப் பக்கம் போகாமல் எதிர்வீட்டு வாசற்படிக்குத் திரும்பியது. நான்கு வரிசைக் கல்லைப் பெயர்க்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.