உப்புக் கருவாட்டுக் கிடங்கில் வெண்கலச் சிலை தாங்குமா?

போர்ச்சுகலின் லிஸ்பன் துறைமுகத்தில் உப்பிட்ட காட் மீன் கருவாடு அடுக்கிவைத்த கிடங்கு, 2008-இல் ஆசியக் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 'உப்பு ஊறிய கட்டடத்தில் சிலைகள் கெட்டுப்போகாதா?' என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்.

வெயில் புகாத இடம்தான் கருவாட்டுக்கு நல்லது. பட்டுக்கும் ஓவியத்துக்கும் அதுவே நல்லது. சிக்கல் உப்பால் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் ஊறிய சோற்றுப்பு நீராகக் கரையும், குறைந்தால் மீண்டும் படிகமாகும். காரைத் துளைகளுக்குள் படிகம் வளரும்போது பூச்சு உதிர்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புக் காரை பூசி, உப்பை உறிஞ்சவிட்டு, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதே சரியான வழி.

வெண்கலத்தில் நடப்பதுதான் உண்மையில் வியப்பானது. உப்பிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, வெண்கலத்திலுள்ள செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற சேர்மமாகப் பதுங்கியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டியதும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடாகும். அதாவது குளோரைடு தீர்வதே இல்லை, தீர்வது சிலைதான். ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் மதுரைக் காற்று 80 சதவீதத்தை எளிதாகத் தாண்டுமே! அதனால் சிலைப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கிறார்கள். கனமீட்டருக்குச் சுமார் 20 கிலோ என்பது பழைய கணக்கு. பெட்டியின் இடுக்குகளை அடைக்காவிட்டால் அத்தனையும் வீண்.

நம் வீட்டு வழக்கமும் இங்கே ஆபத்து. தினம் துலக்கிக் கழுவும் குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போதும். மண்ணில் கிடைத்த ஐம்பொன் சிலையில் அதைத் தேய்ப்பது குளோரைடை உள்ளே ஊட்டுவதாகும். 'சிலைக்கு வியர்க்கிறது' என்று கூட்டம் கூடுவதும் பெரும்பாலும் குளிர்ந்த உலோகத்தில் நீராவி படிவதே. அங்கே தேவை பரிகாரம் அல்ல, ஈரப்பதமானி. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். கோயில்களில் கிரானைட் தளத்துக்குச் செலவிடுவதில் சிறு பங்கையாவது சிலைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பச்சை நிறம் எல்லாமே நோய் அல்ல. பல்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இறுகிய கரும்பச்சைப் படலம் சிலைக்குக் கவசம், அதைச் சுரண்டாதீர்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் தண்ணீர் படாமல் உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு, அருங்காட்சியக ஆய்வகத்தை அணுகுங்கள்.