அம்மாவுக்கு லப்டொப் வாங்கப் போகிறீர்களா? முதலில் அவருடைய கண்ணையும் கையையும் பாருங்கள்

மட்டக்களப்பில் கணினி திருத்தும் தொழிலில் இருப்பவன் நான். வயதானவர்களின் லப்டொப் என்று எங்கள் மேசைக்கு வருகிறவற்றில் நிறைய பழுதானவையே அல்ல. "இது சரியா வேலை செய்யுதில்ல தம்பி" என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும். எழுத்து எறும்பளவில் இருக்கும், அல்லது கனடாவில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். கணினியில் குறை இல்லை, ஆளுக்கு அது பொருந்தவில்லை.

வாங்குகிற நேரத்திலேயே இதைத் தவிர்க்கலாம். பிள்ளைகள் கடைக்கு வந்ததும் கேட்பது ரேம் எவ்வளவு, புரொசெசர் எது, விலை எவ்வளவு என்பதைத்தான். அம்மாவோ அப்பாவோ அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதை நாங்கள்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும், கோயில் திருவிழாவை நேரலையில் பார்க்க வேண்டும். காத்தான்குடியில் ஒரு வாப்பாவுக்கு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்கவும் பத்திரிகை வாசிக்கவும் வேண்டும். இவர்கள் இருவருக்கும் லப்டொப் தேவையே இல்லை. கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் போனைப் போலவே இயங்கும் 10 அல்லது 11 அங்குல டெப் (டேப்லெட்) ஒன்றும், அதை மேசையில் நிமிர்த்தி வைக்க உறுதியான ஸ்டாண்ட் ஒன்றும் போதும். ஏற்கெனவே பழகிய வாட்ஸ்அப், பழகிய யூடியூப், படம் மட்டும் பெரிது. புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை என்பது எழுபது வயதில் சின்ன விஷயம் அல்ல.

எழுதுகிறவர்களின் கதை வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதிபர்கள், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்தவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். ஊர் வரலாறு எழுதுகிறார்கள், கோயில் மலருக்குக் கட்டுரை கொடுக்கிறார்கள், 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய புத்தகங்களைத் தேடித் தேடி வாசிக்கிறார்கள். இவர்களில் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள். விண்டோஸ் 11 இல் தமிழ் 99 என்ற இன்னொரு விசையமைப்பு உள்ளேயே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பாமினிக்குப் பழகிய விரலை இந்த வயதில் மாற்றச் சொல்வது தேவையில்லாத தண்டனை. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தால் பாமினி விசையமைப்பிலேயே தட்டி, இணையத்தில் எல்லோரும் பாவிக்கும் யூனிகோட் தமிழில் எழுதலாம். இப்படிப்பட்டவருக்கு விண்டோஸ் லப்டொப்தான் சரி. விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத, கூகுளின் குரோம்புக் லப்டொப் வாங்கிக் கொடுத்தால் அந்த மென்பொருளைப் போட முடியாது. பாவித்த குரோம்புக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கூகுள் தருகிற பாதுகாப்பு அப்டேட் 10 ஆண்டுகள் வரை வரும் என்றாலும், அந்தக் கணக்கு அந்த மொடல் தலைமுறை முதன்முதலில் வெளிவந்த நாளில் இருந்தே ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. முடிவுத் திகதி செட்டிங்கிலேயே இருக்கும். பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, லப்டொப் என்று முடிவாகிவிட்டது. திரை 14 அங்குலம் இருக்கட்டும். 11 அங்குலச் சின்ன லப்டொப் தூக்க இலேசு, ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தில் நாலு வரிதான் மிஞ்சும். பதினைந்தரை அங்குலம் வாசிக்க நல்லது, தூக்கும்போது முதிய மணிக்கட்டு நோகும். பளபளக்கும் திரை வேண்டாம். எங்கள் வீடுகளில் லப்டொப் திறக்கப்படுவது பெரும்பாலும் விறாந்தையில், அந்த வெளிச்சத்தில் பளபளப்பான திரை கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம் இரட்டிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே திரை அளவை 150 வீதத்துக்குக் கூட்டிவிடுங்கள். முழு எச்டி திரையில் 100 வீதத்தில் வரும் தமிழ் எழுத்தின் சுழியையும் புள்ளியையும் அறுபது தாண்டிய கண் பிரித்துப் பார்க்காது.

மூக்குக்கண்ணாடி பற்றி யாரும் சொல்லாத ஒன்று. மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டு பகுதி உள்ள கண்ணாடி போட்டவர்கள், திரையைப் பார்க்க நாடியை மேலே தூக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்து நோகும், "கொம்பியூட்டர் பார்த்தா தலையிடிக்குது" என்று மூடி வைத்துவிடுவார்கள். லப்டொப்பை உயர்த்தி வைக்கச் சொல்லும் வழமையான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. திரை உயர உயர நாடியும் உயரும். உயரம் குறைந்த மேசையில் வைத்து, திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்துவிடுங்கள். தினமும் ஒன்றிரண்டு மணித்தியாலம் பாவிப்பவர் என்றால், கண் பரிசோதிக்கும்போது கணினி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்பதே நல்லது. அதன் செலவு ரேமைக் கூட்டுகிற செலவை விடப் பயன் தரும்.

கைக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் லப்டொப் தானாகவே இயங்குகிறது, வைரஸ் என்று கொண்டுவந்தார். மென்பொருளை எல்லாம் பரிசோதித்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம் அவரையே பாவித்துக் காட்டச் சொன்னோம். ஆட்காட்டி விரலால் டச்பேடில் அம்புக்குறியை நகர்த்துகிறார். பெருவிரலின் அடிச்சதை டச்பேடின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறது. அது அழுந்துகிற ஒவ்வொரு முறையும் அம்புக்குறி துள்ளுகிறது. இரண்டு விரல் ஒன்றாகப் பட்டதும் வலது கிளிக் மெனு திறக்கிறது. "நான் ஒண்டும் செய்யல்ல மனே, அதுவே திறக்குது" என்கிறார். அவருடைய பார்வையில் அது முழு உண்மை. தட்டினால் கிளிக் ஆகும் வசதியை நிறுத்தி, கை நிறையப் பிடிக்கக்கூடிய வயர் மவுஸ் ஒன்றைக் கொடுத்து, இரட்டைக் கிளிக்கின் வேகத்தையும் குறைத்துவிட்டோம். அவர் அந்தக் கணினியில்தான் இப்போதும் எழுதுகிறார். மவுஸ் என்பது லப்டொப்புடன் சேர்த்தே வாங்க வேண்டிய பொருள். பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். விரல் ரேகையால் திறக்கும் வசதிக்காகக் கூடுதல் காசும் கொடுக்க வேண்டாம். வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த விரலை, வயதினால் வரண்ட தோலை அந்தச் சென்சர் பல வேளைகளில் அடையாளம் காணாது. பின் (PIN) இலக்கம் போதும்.

வெளிநாட்டில் இருந்து வரும் லப்டொப்களுக்கு வருகிறேன். அன்போடு அனுப்புகிறார்கள், அதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனாலும் சில விஷயங்களை அனுப்புகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். சுவிஸிலும் ஜெர்மனியிலும் விற்கும் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரான்ஸ் கீபோர்டில் ஏயும் கியூவும் மாறியிருக்கும், இலக்கம் அடிக்க ஷிப்டை அழுத்த வேண்டும். மின்னஞ்சலில் வரும் அட் குறியைத் தேடி அம்மா அரை மணித்தியாலம் செலவழிப்பார். ஒரு பாஸ்வேர்ட் இரண்டு மூன்று முறை பிழைத்தாலே பலர் தங்களுக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும் என்றால் ஆங்கில விசையமைப்பு உள்ளதைத் தேடி அனுப்புங்கள்.

அடுத்தது கரண்ட். லப்டொப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே எங்கள் 230 வோல்ட்டில் கனடா சார்ஜரும் வேலை செய்யும். பிரச்சினை ப்ளக்கில் இருக்கிறது. மூன்று முள் ப்ளக்கை ஒரு மலிவான கன்வேர்ட்டரில் செருகி, அதைச் சுவரில் செருகுவார்கள். பல கன்வேர்ட்டர்களில் எர்த் (நிலத்தொடர்பு) இணைப்பே கிடையாது. உலோக உடல் கொண்ட லப்டொப்பை அப்படிச் சார்ஜில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் இருந்து தொட்டால் விரல் நுனியில் விறுவிறுக்கும். "கரண்ட் அடிக்குது" என்று பெரியவர்கள் சொல்வது கற்பனை அல்ல. சார்ஜருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் தொடுகிறவரின் உடல் வழியாகப் போகிறது. சாதாரணமாக ஆபத்தான அளவு அல்ல, ஆனால் ஒருமுறை அப்படி உணர்ந்தவர் மறுபடி அதைத் தொடப் பயப்படுவார். தீர்வு மிக மலிவு. சார்ஜர் பெட்டியில் இருந்து சுவருக்குப் போகும் வயரை பெரும்பாலானவற்றில் கழற்றலாம். கன்வேர்ட்டரை எறிந்துவிட்டு, 13 அம்பியர் ப்ளக் உள்ள மூன்று முள் வயர் ஒன்றை இங்கேயே வாங்கிப் பொருத்துங்கள். அதற்குப் பிறகும் விறுவிறுத்தால் வீட்டின் எர்த் இணைப்பை மின்னியலாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். விறுவிறுப்பாக இல்லாமல் பலமாக அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே நிறுத்துங்கள்.

எங்கள் பக்கம் மாரி தொடங்கும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமின்னல் மோசம். லப்டொப்பில் பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் அது உடனே நிற்காது, அந்த வகையில் மேசைக் கணினியை விட நல்லது. ஆனால் இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். செப்புத் தொலைபேசி வயரில் வரும் இணைப்பு என்றால் ரவுட்டரின் கரண்டையும் அந்த வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், மின்னல் அதன் வழியாகவும் வரும். குனிந்து மேசைக்கு அடியில் கைவிட வேண்டிய இடத்தில் ப்ளக் இருந்தால் எந்த முதியவரும் கழற்றமாட்டார். இடுப்பு உயரத்தில் சுவிச் உள்ள இடம் பாருங்கள். கல்லடி, நாவலடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வயர் செருகும் துளைகளில் பச்சை பிடிக்க வைக்கும். பாவிக்காத நாளில் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தால் போதும். மெத்தையில் வைத்துப் பாவிக்கவும் விடாதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளையும் ஸ்பீக்கரும் அடைபடும், சூடும் ஏறும், சத்தமும் கேட்காது.

பாவித்த லப்டொப் வாங்குவதில் தவறில்லை, நானே பலருக்கு அதைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்க இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புரொசெசர் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லப்டொப்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கிக் கணக்கைத் திறக்கப்போகிற பெற்றோருக்கு அவை வேண்டாம். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் கட்டாயம், ரேம் 8 ஜிபி இருக்கட்டும். வெறும் 32 அல்லது 64 ஜிபி சேமிப்பிடம் உள்ள மலிவு லப்டொப்கள் ஓரிரு அப்டேட்டிலேயே நிரம்பி மூச்சுத் திணறும். பற்றரியை வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம். விண்டோஸ் தானே பற்றரி ரிப்போர்ட் ஒன்றைத் தரும், கடைக்காரரிடம் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறைகிற அளவும் இரண்டு வரியாக இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் புதுப் பற்றரியின் விலையையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

வாங்கிய பின் கணக்குத் திறக்கிற வேலை. பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் வெளிநாட்டு இலக்கத்தையும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பிறகு இங்கே அம்மாவிடம் சரிபார்ப்பு இலக்கம் கேட்கும்போது, அது லண்டனில் தூங்கிக்கொண்டிருக்கும் மகனின் போனுக்குப் போகும். கணக்கு அம்மாவின் பெயரில், அம்மாவின் கையில் இருக்கும் போன் இலக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று இதைவிடப் பெரிது. விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே தரவைப் பூட்டி வைக்கிறது. மதர்போர்ட் மாற்றினாலோ சில அப்டேட்களுக்குப் பிறகோ 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைக் கேட்கும். அந்தச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்று யாருக்கும் தெரியாவிட்டால், உள்ளே இருக்கும் எழுத்தையும் படங்களையும் எங்களாலும் எடுத்துத் தர முடியாது. இறந்துபோன கணவரின் படங்கள் உள்ள லப்டொப்பைக் கொண்டுவந்த ஓர் அம்மாவுக்கு இதைச் சொல்ல நேர்ந்தது. இன்றே அந்தச் சாவியைக் கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற இடத்தில் வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்து, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று சொல்லும். அழைத்தால் ஒரு மென்பொருளைப் போடச் சொல்லி, கணினியைத் தூரத்தில் இருந்தே கைப்பற்றுவார்கள். பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது, இதை ஒருமுறை செய்யவைத்துப் பழக்குங்கள். பெற்றோரின் கணக்கைச் சாதாரணப் பயனர் கணக்காக வைத்து, மென்பொருள் போடும் அதிகாரத்தைப் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே தூரத்தில் இருந்து உதவ விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் என்ற வசதி போதும். ஆனால் முதலில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்த பிறகுதான் நீங்கள் சொல்லும் குறியீட்டை அதில் அடிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

பக்கத்தில் இருக்கும் அந்த ஒருவர் யார் என்பதை லப்டொப் வாங்க முன்னரே தீர்மானியுங்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஓர் ஊரில் இருப்பவர் சின்னச் சந்தேகத்துக்காகப் பஸ் ஏறி டவுனுக்கு வர மாட்டார். பக்கத்து வீட்டு ஏஎல் (உயர்தரம்) படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் போதும். அந்தப் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: சொல்லிக்கொடுக்கும்போது மவுஸை அவர் கையில் இருந்து வாங்கக் கூடாது. எத்தனை நேரம் எடுத்தாலும் அவரே கிளிக் செய்யட்டும், அவரே கொப்பியில் தன் சொல்லில் எழுதிக்கொள்ளட்டும்.