ஒன்பதாவது கேள்வியை யார் படிப்பது?

செயலியை வெளியிட ஒரு வாரம் இருக்கும்போது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பதின்வயதினருக்கான மனநல உதவிச் செயலி அது. ஒரு மனநல மருத்துவர், இரண்டு கவுன்சிலர்கள், மென்பொருள் பொறியாளர், திரைகளை வடிவமைத்தவர், சட்ட ஆலோசகர் எல்லாரும் இருந்தார்கள். நான் உளவியல் ஆலோசகர். அந்தத் திட்டத்தில் இவர்கள் அனைவரையும் ஒருங்கிணைப்பதுதான் என் வேலை.

வடிவமைப்பாளர் தன்னைப் பதினாறு வயதுப் பெண்ணாக நினைத்துக்கொண்டு பி.எச்.க்யூ-9 படிவத்தை நிரப்பினார். மனச்சோர்வு இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் அதில் உண்டு. தூக்கம், பசி, அசதி, கவனம் என்று கேட்டுக்கொண்டே போகும். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை வந்தால் லேசானது, பத்தைத் தொட்டால் மிதமானது என்று கணக்கு. கடைசிக் கேள்வி மட்டும் வேறு வகை. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது.

மற்ற கேள்விகளுக்கு அவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறித்தார். ஒன்பதாவதில் 'சில நாட்கள்' என்பதைத் தொட்டார். மொத்தம் 7 வந்தது. திரை பச்சையாக மாறி, "உங்களுக்கு லேசான மனச்சோர்வு இருக்கலாம். இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்து பாருங்கள்" என்றது.

"அந்தக் கடைசிப் பதில் யாருக்குப் போகுது?" என்று மருத்துவர் கேட்டார்.

"சர்வருக்குப் போகுது, டாக்டர்."

"சர்வர்ல அதை யார் பார்க்கிறாங்க?"

பொறியாளர் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கவுன்சிலர்கள் தினமும் எல்லாப் பதில்களையும் படிப்பார்கள் என்று மருத்துவர் நினைத்திருக்கிறார். ஆபத்தான பதில் வந்தால் செயலியே தங்களை எச்சரிக்கும் என்று கவுன்சிலர்கள் நம்பியிருக்கிறார்கள். தன்னிடம் கொடுத்த மதிப்பெண் அட்டவணைப்படி பொறியாளர் எழுதியிருக்கிறார். அட்டவணையைக் கொடுத்தது நான். அதில் ஒன்பதாவது கேள்விக்கென்று தனியாக ஒரு வரி இல்லை.

மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் சரி, ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் ஒரு மனிதர் நேரடியாகப் பேசிப் பார்க்க வேண்டும். எங்கள் துறையில் இது பாலபாடம். நேரில் படிவத்தைக் கையில் கொடுத்து வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதே கடைசி வரியைத்தான். கை தானாக அங்கே போகும். அந்தப் பழக்கத்தை எழுத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக இல்லை. பொறியாளருக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து எந்தத் திட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும், எத்தனை வல்லுநர்கள் இருக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்தப் பிள்ளை எப்படிப் போய்ச் சேர்கிறது என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகள் தவறிப்போவது அந்த இடைவெளியில்தான்.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலானவை யார் கண்ணிலும் படுவதில்லை, சிகிச்சைக்கும் வருவதில்லை. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவர்களில் பலர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே போனில் தட்டச்சு செய்திருப்பார்கள். அதனால் டிஜிட்டல் உதவி வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். சரியாகச் செய்தால் அது உண்மையாகவே உதவுகிறது. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை ஏழு கட்டங்களாகச் சொல்லிக்கொடுக்கிறது. 187 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு அது சளைத்ததல்ல என்று தெரிந்தது. 2012-இல் அந்த முடிவு வெளியானது.

ஆனால் கோத்த கை ஒன்று விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் உணவு உண்ணல் கோளாறுகளுக்கான தேசியச் சங்கம், டெஸ்ஸா என்ற சாட்பாட்டைத் தன் தளத்தில் வைத்திருந்தது. வல்லுநர்கள் முன்கூட்டியே எழுதிய பதில்களை மட்டும் சொல்வதற்காக உருவானது அது. பிறகு, தானாகப் பதில் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு அதில் சேர்ந்தது. எடையைக் குறைப்பது எப்படி, கலோரியை எவ்வளவு குறைக்கலாம் என்று அது ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. சாப்பாட்டை நினைத்தாலே பயப்படும் ஒருவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். 2023-இல் புகார்கள் வெளியே வந்ததும் அதை நிறுத்தினார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வெளியீட்டைத் தள்ளிவைத்தோம். ஒரு நீளமான தாளைச் சுவரில் ஒட்டி, அதன் இடது ஓரத்தில் 'இரவு 11.40, ஒன்பதாவது கேள்விக்குப் பதில் குறிக்கிறாள்' என்று எழுதினேன். அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒவ்வொருவரும் தன் கையால் எழுத வேண்டும். 'கவுன்சிலர் பார்ப்பார்' என்று எழுதினால் அடித்துவிடுவோம். எந்தக் கவுன்சிலர், எத்தனை நிமிடத்துக்குள், எந்தத் திரையில், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்றெல்லாம் இருந்தால்தான் அந்த வரி நிற்கும். இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தோம். மூன்று நாள் ஆனது. அதில் பாதி நேரம் வார்த்தைகளோடு போராடியதிலேயே போனது. 'அவசரம்' என்றால் பொறியாளருக்கு நாளைக் காலைக்குள் சரிசெய்ய வேண்டியது. கவுன்சிலருக்குப் பத்து நிமிடம். 'ரிஸ்க்' என்றால் மருத்துவர் உயிரை நினைக்கிறார், சட்ட ஆலோசகர் வழக்கை நினைக்கிறார், பொறியாளர் சர்வர் படுத்துவிடுவதை நினைக்கிறார். ஒரே மேசையில் ஒரே சொல்லைச் சொல்லித் தலையாட்டிக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்திருக்கிறோம். கடைசியில் பன்னிரண்டு சொற்களுக்கு ஒரே பக்கத்தில் பொருள் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டோம்.

பெரிய வாக்குவாதம் ஒன்றும் நடந்தது. இரவில் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் ஒன்பதாவது கேள்வியைக் கேட்கலாமா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பரவலாக இருக்கிறது. அது தேவையில்லாத பயம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2,300-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணமோ மன உளைச்சலோ கூடவில்லை. கேட்பதில் ஆபத்து இல்லை. கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கொடுமை. 'சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் ஒன்றுமில்லை' என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதனால் ஆள் இருக்கும் நேரத்தை முதல் திரையிலேயே வெளிப்படையாகப் போடுவது, மற்ற நேரங்களில் படிவத்தைத் திறக்காமல் 24 மணி நேர உதவி எண்ணை நேரடியாக அழைக்கும் பொத்தானை மேலே வைப்பது என்று முடிவெடுத்தோம். மருத்துவருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எப்போதும் கேட்க வேண்டும் என்பதே அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு ஷிப்டுக்கு நிதி கிடைக்கும்வரை இதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் இருக்கும் அறையில் மூத்தவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மரியாதையால்தான். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. இதற்கு டெல்ஃபி முறை என்று ஒன்று உண்டு. 1950-களில் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் உருவானது. கேள்விகளை எழுத்தில் அனுப்புவார்கள். யார் சொன்னது என்று தெரியாமல் பதில்களைத் தொகுத்து எல்லாருக்கும் திருப்பி அனுப்புவார்கள். படித்துவிட்டு அவரவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஓரளவு உடன்பாடு வரும்வரை இப்படிச் சுற்றுகள் போகும். ஆஸ்திரேலியாவின் ஒரிஜன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'சாட்சேஃப்' வழிகாட்டி, அதாவது சமூக ஊடகத்தில் தற்கொலை பற்றி இளைஞர்கள் பாதுகாப்பாகப் பேசுவது எப்படி என்பது, இந்த முறையில்தான் உருவானது. தற்கொலைத் தடுப்பு வல்லுநர்களோடு இளைஞர்களும் அதில் சம தட்டில் அமர்ந்தார்கள்.

நாங்கள் சின்ன அளவில் இதைச் செய்தோம். இரண்டாவது சுற்றில் ஒரு வரி வந்தது: "பெற்றோருக்குத் தானாகத் தகவல் போகும் என்று போட்டால் பிள்ளைகள் பொய்தான் குறிப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்." நேர்ப்பேச்சில் இதை எங்களில் யாரும் சொல்லியிருக்கமாட்டோம். அந்த ஒரு வரியால் விதி மாறியது. உயிருக்கு ஆபத்து என்று கவுன்சிலர் கருதினால் மட்டுமே வீட்டில் சொல்வோம், அதையும் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். இது படிவத்துக்கு முன்பே, பெரிய எழுத்தில் வருகிறது.

தனியுரிமை அறிக்கை பதினொரு பக்கம் இருந்தது. ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். இரண்டாவது பத்தியில் நிறுத்திவிட்டு, "இதுல நான் எழுதுறதை யார் படிப்பாங்கன்னு எங்க இருக்கு?" என்று கேட்டான். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. சட்ட ஆலோசகர் அன்று இரவே உட்கார்ந்து ஆறு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வந்தார். அவரை நான் அதற்காக இன்னும் மதிக்கிறேன்.

எங்களில் யாருக்கும் தோன்றாத இன்னொன்றை ஒரு பதினேழு வயதுப் பெண் சொன்னாள். செயலி தினமும் மாலையில் 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பும். அதை நல்ல விஷயம் என்றுதான் நினைத்திருந்தோம். அவள் தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, வீட்டுல நான் இப்படித்தான் வைப்பேன். இது மேல வந்தா அம்மா எடுத்துப் பார்ப்பாங்க. அன்னைக்கே டெலிட் பண்ணிடுவேன்." பூட்டிய திரையில் எதுவும் தெரியாதபடி அன்றே மாற்றினோம். அதன் பிறகு இளைஞர்கள் இரண்டு பேர் கூட்டத்துக்கு நிரந்தர உறுப்பினர்களாக வருகிறார்கள். மற்ற வல்லுநர்களுக்கு என்ன மதிப்பூதியமோ அதுதான் அவர்களுக்கும்.

நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று கேட்பார்கள். அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 93 மனநலச் செயலிகளைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முப்பது நாளுக்குப் பிறகும் திறந்து பார்ப்பவர்களின் இடைநிலை அளவு 3.3 சதவீதம்தான். ஒரு மனிதரின் வழிகாட்டுதல் கூட இருந்தால் தொடர்பவர்கள் அதிகம், பலனும் அதிகம். அதனால் ஒன்பதாவது கேள்விக்குப் பதில் வந்ததிலிருந்து ஒரு மனிதரின் முதல் சொல் போய்ச் சேரும்வரை எத்தனை நிமிடம் என்பதைத்தான் எங்கள் அறிக்கையில் முதல் வரியாகப் போடுகிறோம்.

பள்ளிக்கோ வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நீங்கள் இருந்தால், விளம்பரத்தில் இருக்கும் மருத்துவர்களின் பட்டங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பிள்ளை கையில் கொடுக்கும் முன் நீங்களே படிவத்தை நிரப்புங்கள், அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆபத்தான பதிலை யார் படிப்பார்கள், எப்போது படிப்பார்கள் என்று நடத்துபவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதிலில் ஒரு பொறுப்பாளரும் ஒரு நேரமும் இல்லையென்றால், வேறு பாருங்கள். உங்களுக்கே இப்போது அந்த ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று தோன்றினால், எந்தச் செயலிக்கும் காத்திருக்க வேண்டாம். அருகில் இருக்கும் ஒருவரிடமோ உங்கள் நாட்டின் உதவி எண்ணிலோ இப்போதே சொல்லுங்கள்.

ஏழு வாரம் தாமதமாக வெளியிட்டோம். அதற்கு முந்தைய இரவு, இரவுப் பணிக்குக் கவுன்சிலர் ஒருவரைச் சோதனைக்காக வைத்துவிட்டு, வடிவமைப்பாளர் தன் வீட்டிலிருந்து 11.40-க்கு அதே படிவத்தை அதே பதில்களோடு நிரப்பினார். மொத்தம் அதே 7. எந்த நிமிடத்தில் நிரப்பப்போகிறார் என்று கவுன்சிலரிடம் சொல்லவில்லை. 11.44-க்கு வந்த செய்தியை வடிவமைப்பாளர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்:

"வணக்கம். நான் கவுன்சிலர்தான், மெஷின் இல்லை. கடைசிக் கேள்விக்கு நீங்கள் குறித்ததைப் பார்த்தேன். இப்போது பேச முடியுமா?"