சேனைப் பூ சுடுவது எதனால்?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோடை மழைக்கு அப்புறம் கொல்லையில் மாமரத்தடியில் கருஞ்சிவப்பாக ஏதோ முளைத்திருக்கிறது. செத்த எலி நாற்றம். வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பிடுங்கவா?"

வேண்டாம். அது சேனைக்கிழங்கின் பூ. எப்போதோ புதைத்து மறந்த கிழங்காக இருக்கும். விற்பனைக்குப் பயிரிடுபவர்கள் எட்டு, ஒன்பது மாதத்தில் தோண்டிவிடுவதால் இந்தப் பூவைப் பலர் பார்த்ததே இல்லை.

மரநிழலில் வளர்ந்து பழகிய செடி இது. மக்கிய சாணம் போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். குடை பிடித்த குட்டி மரம் மாதிரி நிற்பது மொத்தமும் ஒரே இலை. தண்டு என்று நாம் நினைப்பது இலைக்காம்பு. இலை பழுத்துச் சாய்ந்தபின் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

சரி, நாற்றத்துக்கு வருவோம். பூங்கொத்தின் அடியில் பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள், உச்சியில் சுருக்கம் விழுந்த ஒரு கருஞ்சிவப்பு முண்டு. பெண் பூக்கள் தயாராகும் வேளையில் இந்த முண்டு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிறது. செடிக்கு ஏது சூடு? செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிப் போகும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே பாதி வழியில் ஒரு நொதி எலக்ட்ரான்களை மடக்கி, நேராக ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. ஏடிபியாகச் சேர்ந்திருக்க வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி சூடாக வெளியேறுகிறது. சேமித்த மாவுச்சத்தை இப்படி எரித்துத் தள்ளுவது வீண்செலவாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சூட்டில்தான் கந்தகச் சேர்மங்கள் ஆவியாகிப் பரவுகின்றன. செத்ததைத் தேடி வரும் வண்டுகள் ஏமாந்து உள்ளே இறங்குகின்றன. ஆண் பூக்கள் பிறகுதான் மகரந்தம் உதிர்க்கும். அதைப் பூசிக்கொண்டு கிளம்பும் வண்டு இன்னொரு பூவிடம் ஏமாறப் போகும்.

இதே குடும்பத்துச் செடி ஒன்றில் இந்தச் சூட்டைத் தூண்டிவிடுவது சாலிசிலிக் அமிலம் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம் அது. மதுரையைச் சுற்றி எத்தனை கல்லூரிகளில் தாவரவியல் துறை இருக்கிறது! ஒரு வெப்பமானியும் சின்ன நிதியும் கொடுத்தால் மாணவர்களே கொல்லைகொல்லையாகப் போய் அளந்துவிடுவார்கள். பரிகாரத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் இதற்குப் போனால்கூட எனக்குச் சந்தோஷம்.

அக்காவிடம் சொல்லுங்கள், ஓரிரு நாளில் நாற்றம் போய்விடும். வண்டுகள் வேலையை முடித்திருந்தால் காய் பிடித்துச் சிவப்பாகப் பழுக்கும். கிழங்கைத் தோண்டுவதானால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்கும்.