விளக்கு ஏன் சிவந்தது?

புதிதாக வாங்கிய குத்துவிளக்கில் களிம்பு ஏறிவிட்டதே என்று ஒரு வாசகி அதை இரவு முழுக்கப் புளிக்கரைசலில் ஊற வைத்தாராம். காலையில் பார்த்தால் மஞ்சள் விளக்கு திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கிறது. "பித்தளை என்று சொல்லி எதையோ தலையில் கட்டிவிட்டார்களா? கடைக்காரரிடம் சண்டைக்குப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். அது அசல் பித்தளையாகத்தான் இருக்கும். அதனால்தான் சிவந்தது.

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். பாதிக்கு மேல் செம்பு. காற்றுப்பட்டால் செம்பு கறுக்கும், ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். இது பள்ளிப் பாடம். விளக்கில் கூடுதலாக எண்ணெய் இருக்கிறது. அதன் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகின்றன. திரி கிடக்கும் இடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்குமே, அதுதான். தண்ணீரில் கரையாத சோப்பு. வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அசையாது.

புளி போட்டால் அசைகிறது. புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். அமிலம் உலோகத்தை அரிக்கும் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாகத் துலக்கிய விளக்குகள் இந்நேரம் கரைந்து போயிருக்க வேண்டாமா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எது எளிதில் வினைபுரியும் என்று உலோகங்களை மேலிருந்து கீழாக அடுக்கிய வினைத்திறன் வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது. நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை விரட்டும் தெம்பு அதற்குக் கிடையாது. அதனால் உலோகமாக இருக்கும்வரை செம்பைப் புளி அநேகமாகத் தொடுவதில்லை. அழுக்கிலுள்ள செம்பின் கதை வேறு. அது ஏற்கெனவே எலெக்ட்ரானைப் பறிகொடுத்து அயனியாக நிற்கிறது. அமிலம் அதோடு இருக்கும் ஆக்சிஜனைத் தண்ணீராக மாற்றிவிட, தனித்துவிடப்பட்ட செம்பு அயனியை டார்டாரிக் அமிலத்திலிருந்து வரும் டார்டரேட் நண்டுக் கொடுக்குபோலப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கிறது. சர்க்கரையைச் சோதிக்க ஃபெலிங் கரைசல் என்று ஒரு நீலக் கரைசலை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் செம்பு அடியில் படிந்துவிடாமல் தாங்கி நிற்பதும் இதே டார்டரேட்தான்.

சரி, சிவப்பு? துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிறது. பத்து நிமிடத்தில் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க ஊறினால் மேல்பரப்பிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். செம்பு மட்டும் தங்கும். போகிற போக்கில் துத்தநாகம் விட்டுச்செல்லும் எலெக்ட்ரான்களைக் கரைசலில் மிதக்கும் செம்பு அயனிகள் வாங்கிக்கொண்டு, மறுபடி உலோகமாகி விளக்கின் மேலேயே படியும். நேற்றைய களிம்பு இன்றைக்கு முலாம்! மெல்லிய படலம்தான், சலித்த செங்கல் பொடியால் தேய்த்தால் போய்விடும்.

சிலர் உப்பும் சேர்ப்பார்கள். வேலை வேகமாகும், ஆனால் நன்றாக அலசிவிடுங்கள். தங்கிப்போன உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அது செம்பை அரிக்கும், மறுபடி குளோரைடு. இந்தச் சுழற்சிதான் பழைய வெண்கலச் சிலைகளையும் தின்கிறது. அவற்றைக் காப்பாற்ற எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். இன்று மாவட்டத்துக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பேன். ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நாம் களிம்புக்குக் காசு ஒதுக்கச் சொன்னால் சிரிக்கிறோம்.

வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். களிம்புக்குக் கிழமை தெரியாது. ஆனாலும் நான் துலக்குவது வியாழன் மாலைதான். சாத்திரத்துக்காக இல்லை, மறுநாள் ஏற்றும்போது பளபளப்பு மங்காமல் இருக்கும். அந்த அரை மணி நேரம் போனை எடுப்பதில்லை. புளிச்சக்கை விரலடியில் கறுத்துக்கொண்டே வர, அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்ப்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. துடைத்ததும் கொஞ்சம் விபூதி தூவித் தேய்ப்பேன், மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படியும் எங்கள் விளக்கில் அன்னத்தின் கழுத்துக்குக் கீழே மூன்று வாரமாக ஒரு பச்சைப் புள்ளி. துணி எட்டாத இடுக்கு. இந்த வியாழன் பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.